குளித்த நாளும் குறித்த நாளும்

திருப்புலிவனத்தை அடுத்த ஊர் ஒன்றின் துணை சுகாதார நிலையத்தில் என் சித்தி மகளோடு உட்கார்ந்திருந்தேன். கிராம சுகாதார செவிலியர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "கடைசியா தலைக்குக் குளிச்சது எப்பம்மா?"

"ஆகஸ்டு நாலு, சிஸ்டர்." அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

செவிலியர் பேனாவை எடுத்தார். ஆனால் எழுதவில்லை. "அது குளிச்ச நாளு. பட்ட மொதல் நாளு எது?"

இப்போது அவள் மாமியாரைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள். "ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போயி வந்தோம். அதுக்கு ரெண்டா நாளு. கோயில்ல இருக்கறப்ப வந்துடப்போவுதுன்னு பயந்துகினே இருந்தேன். அதான் நெனப்பு இருக்குது."

செவிலியர் எழுந்து சுவரில் தொங்கிய மாதக் காலண்டரைப் புரட்டினார். அந்த வருஷம் ஆடிக் கிருத்திகை ஜூலை 29. ஆக, முதல் நாள் ஜூலை 31. கர்ப்பிணி அட்டையில் அதை எழுதிவிட்டு, மனக்கணக்காகவே அடுத்த கட்டத்தை நிரப்பினார்: உத்தேச பிரசவ தேதி, மே 7. முதலில் சொன்ன ஆகஸ்டு 4ஐ எடுத்துக்கொண்டிருந்தால் அந்தக் கட்டத்தில் மே 11 இருந்திருக்கும். இரண்டு கேள்விகளுக்கு நடுவே நான்கு நாள் இருந்தது. இந்தக் கட்டுரை அந்த நான்கு நாளைப் பற்றியது என்றே சொல்லலாம்.

கர்ப்பத்தைத் தமிழில் எப்படிச் சொல்கிறோம் என்று கவனித்தால் ஒன்று புலப்படும். 'முழுகாமல் இருக்கிறாள்', 'குளிக்காம இருக்கா', 'நாள் தள்ளிப் போயிருக்கு', 'மாசமா இருக்கா'. இவற்றில் எதுவும் வயிற்றைப் பற்றியோ குழந்தையைப் பற்றியோ பேசவில்லை. எல்லாமே நாள்கணக்கு. நடக்க வேண்டிய ஒரு குளியல் நடக்கவில்லை என்பதுதான் நம் மொழிக்குக் கர்ப்பத்தின் முதல் சேதி. நல்ல அளவுகோல்தான் அது. ஆனால் குளியல் என்பது உதிரம் நின்ற பிறகு வருவது. மூன்றாம் நாளும் ஆகலாம், ஐந்தாம் நாளும் ஆகலாம். மருத்துவக் கணக்கோ உதிரம் பட்ட முதல் நாளில் தொடங்குகிறது. கேட்பவர் ஒரு நாளை மனதில் வைத்துக் கேட்க, சொல்பவர் வேறொரு நாளைச் சொல்ல, பிழை அங்கேயே அட்டையில் ஏறிவிடுகிறது.

இது நம் பேச்சுவழக்கின் குறை மட்டுமல்ல. உலகம் முழுதும் இன்றும் கையாளும் பிரசவ நாள் விதி ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பேராசிரியர் ஃபிரான்ஸ் கார்ல் நேகலே பெயரில் வழங்குகிறது. மருத்துவச்சிகளுக்காக அவர் எழுதிய பாடநூல் 1830இல் வந்தது. கடைசி மாதவிடாய் தேதியோடு 7 நாளைக் கூட்டு, 3 மாதத்தைக் கழி. அடுத்த ஆண்டில் அதுதான் பிரசவ நாள். ஜூலை 31ஓடு 7 கூட்டினால் ஆகஸ்டு 7. 3 மாதம் பின்னே போனால் மே 7. நேகலே இதைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. நெதர்லாந்தின் லைடனில் 18ஆம் நூற்றாண்டில் புகழோடு இருந்த ஹெர்மன் பூர்ஹாவ என்ற மருத்துவரின் கருத்திலிருந்து எடுத்தார். அந்த ஏழு நாளை மாதவிடாயின் முதல் நாளிலிருந்து கூட்ட வேண்டுமா, கடைசி நாளிலிருந்தா என்பது அந்த எழுத்துகளில் ஐயமறத் தெளிவாக இல்லை. பிற்காலத்தார் முதல் நாள் என்று வைத்துக்கொண்டார்கள். எங்கள் ஊர் செவிலியர் இரண்டாவது கேள்வியில் தீர்த்துவைத்த அதே சந்தேகம்தான்.

எந்தத் தேதியும் எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது என்பது தெரிந்தால்தான் தேதி. இந்த வட்டாரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வெளியே போக வேண்டியதில்லை. சில மைல் தொலைவில் உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. பராந்தக சோழனின் பதினான்காம் ஆட்சியாண்டு, பதினாறாம் நாள் என்று நாள் துல்லியத்தோடு அது தொடங்குகிறது. குடவோலையில் தேர்வான ஊர் வாரியத்தார் 360 நாள் பணிசெய்து விலக வேண்டும் என்கிறது. அரசன் பட்டமேறியது 907 என்று வரலாற்றாசிரியர்கள் நிறுவிய பிறகுதான் அந்தப் பதினான்கு நமக்கு 921 ஆனது. கர்ப்பத்தின் பட்டமேற்பு நாளும் அப்படித்தான். அது தவறினால் பின்னால் வரும் ஒவ்வொரு எண்ணும் தவறும்.

பத்து மாதம் சுமந்தேன் என்று எந்தத் தாயும் சொல்வாள். ஆஸ்பத்திரியில் ஒன்பது மாதம் என்பார்கள். இரண்டும் ஒரே 280 நாள்தான். 28 நாள் கொண்ட மாதவிடாய்ச் சுற்றால் வகுத்தால் சரியாகப் பத்து. ஆங்கில மாதத்தில் ஒன்பதும் ஒரு வாரமும். பிறையைப் பார்த்து எண்ணினால் ஒன்பதரை: அமாவாசையை ஒட்டித் தூரமானவளுக்குப் பௌர்ணமியை ஒட்டி நாள் வரும். தமிழ் மாதத்தில் இந்த விதியை அப்படியே போட முடியாது. நம் மாதங்கள் 29 நாளிலிருந்து 32 நாள் வரை நீண்டு குறுகுபவை. சித்திரை முதல் நாள் தொடங்கிய கணக்கு தை ஐந்து, ஆறில் முடிகிறது. புரட்டாசி முதல் நாள் தொடங்கியது ஆனி பத்தில் முடிகிறது. ஆங்கில மாதத்திலும் விதி முழுத் துல்லியமல்ல. தொடங்கும் மாதத்தைப் பொறுத்து 280 முதல் 283 நாள் வரை கொடுக்கும்.

பெரிய குழப்பம் இன்னொன்று இருக்கிறது. 'ஏழு மாசம்' என்று ஒருத்தி சொன்னால் ஏழு முடிந்திருக்கலாம், ஏழாவது நடந்துகொண்டும் இருக்கலாம். வீட்டில் நடப்பு மாதத்தைத்தான் சொல்வார்கள். வளைகாப்புக்கும் அந்தக் கணக்குதான். மருத்துவர் முடிந்த வாரத்தை எண்ணுவார். இரவு பதினொரு மணிக்கு வலி என்று ஆட்டோவில் வந்து இறங்கும் பெண்ணிடம் 'எத்தனை மாசம்?' என்று கேட்டு, 'எட்டு' என்ற பதிலை மட்டும் நம்பி முடிவெடுத்தால் நான்கு வாரம் தவறலாம்.

கல்யாணமாகி நாற்பது நாளில் நாள் தள்ளிப்போன பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறார்கள். ஸ்கேன் பார்த்துவிட்டு 'ஏழு வாரம்' என்று எழுதித் தருகிறார்கள். ஏழு வாரம் என்றால் 49 நாள். வீட்டில் யாரோ விரல் விட்டு எண்ணுகிறார்கள். அதன் பிறகு அந்தப் பெண் படும் பாட்டை நான் அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். எழுதக் கை கூசுகிறது. வாரக்கணக்கு கருத்தரித்த நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை, அதற்கும் இரண்டு வாரத்துக்கு முந்தைய மாதவிடாயிலிருந்து எண்ணப்படுகிறது. முதல் இரண்டு வாரம் கருவே கிடையாது. இந்த ஒரு வாக்கியத்தை ஒவ்வொரு ஸ்கேன் அறையிலும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். யாராவது கேட்டால்தான் சொல்வது என்பது போதாது. கேட்கத் துணிவில்லாத பெண்ணுக்குத்தான் அது தேவைப்படுகிறது.

கடும் கோடையில் பிரசவம் நேராதிருக்க ஆடியில் புதுமணத் தம்பதியைப் பிரித்துவைக்கும் வழக்கம் இந்தக் கணக்கை நேர்த்தியாகப் பயன்படுத்துகிறது. கருத்தரிப்பிலிருந்து பிரசவம் வரை சராசரியாக 266 நாள். ஆடி முதல் தேதியை ஜூலை 17 என்று வைத்தால் ஏப்ரல் 9 வருகிறது. ஆடிக் கடைசியில் தரித்தால் மே 9. பங்குனிக் கடைசியும் சித்திரையும், அக்னி நட்சத்திரத்தின் தொடக்கமும். நேகலேயின் புத்தகம் இல்லாமலே இந்தக் கூட்டல் நம் பாட்டிமார் கையில் இருந்தது. அன்று துணை சுகாதார நிலையத்தில் 'மே 7' என்று செவிலியர் சொன்னதும் மாமியார் கட்டைவிரலால் விரல்கணுக்களைத் தொட்டு எண்ணி, "சித்திரை இருவத்தி நாலு" என்றார். பிறகு தணிந்த குரலில், "ஆடிதான்" என்றார். ஜூலை 31ஓடு இரண்டு வாரம் கூட்டினால் ஆகஸ்டு 14. ஆடி இன்னும் முடிந்திருக்கவில்லை.

விதி 28 நாள் சுற்றை நம்பி நிற்கிறது. நேகலே எழுதிய காலத்தில் பாலூட்டிகளின் கருமுட்டையே கண்டறியப்பட்டுச் சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அது சுற்றின் எந்த நாளில் வெளிப்படுகிறது என்பது தெரியாது. அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ 14 நாள் முன்பு என்பதை ஜப்பானில் ஒகினோவும் ஆஸ்திரியாவில் க்னாஸும் 1920களில்தான் தெளிவாக்கினார்கள். ஆகவே 35 நாளுக்கு ஒருமுறை தூரமாகும் பெண்ணுக்கு முட்டை 21ஆம் நாளில் வரும். அவளுடைய பிரசவ நாளும் ஒரு வாரம் தள்ளும். இன்று சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையால் சுற்று ஒழுங்கில்லாத பெண்கள் ஏராளம். முதல் குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதே, மறுபடி தூரமாகாமலே, தரித்துவிடுகிறவர்களுக்கு எண்ணத் தொடங்க நாளே கிடையாது. தரித்த பிறகும் சிலருக்கு லேசாகப் படும். அதை மாதவிடாய் என்று நினைத்தால் கணக்கு சில வாரங்கள் பின்தங்கிவிடும்.

நினைவு என்பதும் ஒரு கருவி. தேதி மறந்தவர்கள் 1, 5, 10, 15 என்று உருட்டிச் சொல்வது உலகெங்கும் பதிவேடுகளில் தெரிகிறது. எங்கள் பக்கத்துப் பெண்கள் தேதியாகக் கேட்டால் தடுமாறுவார்கள். கிருத்திகை, அமாவாசை, ஊர்த் திருவிழா, நாற்று நட்ட நாள் என்று கேட்டால் பிசகாமல் சொல்வார்கள். தூரமானவள் கோயிலுக்குப் போகக்கூடாது என்ற விலக்கை நான் ஏற்கவில்லை. ஆனால் அந்த விலக்கு ஒவ்வொரு மாதவிடாயையும் ஒரு பண்டிகையோடு முடிச்சுப் போட்டு நினைவில் வைத்திருக்கிறது. நல்ல செவிலியருக்கு அந்த முடிச்சை அவிழ்க்கத் தெரியும்.

நாள் தெரியாதபோது கை பேசும். கருப்பையின் உச்சி 12ஆம் வாரத்தில் இடுப்பெலும்புக்குச் சற்று மேலே தட்டுப்படும். 20 வாரத்தையொட்டித் தொப்புளை எட்டும். 36இல் மார்புக்குழிக்கு வரும். அதன்பின் தலை இறங்கும்போது சற்றே கீழிறங்கும். 'தொப்புளுக்கு ரெண்டு விரல் மேலே' என்பது ஊரறிந்த அளவு. குழந்தை அசைவது முதல்முறை தெரிவதும் ஒரு குறிப்பு: தலைப்பிரசவக்காரிக்கு 18, 20 வாரத்தில், மறுபிரசவக்காரிக்கு இரண்டு வாரம் முன்னதாக. வேறு எதுவும் இல்லாதபோது இவை உதவும். ஆனால் நீர் அதிகமானாலும், இரட்டைக் குழந்தையானாலும், குழந்தை வளராமல் போனாலும் கை ஏமாறும்.

ஸ்கேன் இந்த நிலையை மாற்றியது. கிளாஸ்கோவில் இயன் டொனால்டும் அவர் குழுவும் 1958இல் வெளியிட்ட கட்டுரையில் அது தொடங்கியது; அதே ஊரில் ஹியூ ராபின்சன் 1973இல் கருவின் உச்சந்தலையிலிருந்து பிட்டம் வரையான நீளத்தை அளந்து காட்டினார். முதல் மூன்று மாதத்தில் கரு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளர்கிறது; பணக்காரி வயிற்றிலும் ஏழை வயிற்றிலும் கிட்டத்தட்ட ஒரே வேகம். அதனால் அந்த நீளத்திலிருந்து வயதை ஐந்து முதல் ஏழு நாள் பிழைக்குள் சொல்லிவிடலாம். நாள் ஏற ஏறக் குழந்தைகள் தாயின் ஊட்டம், ரத்தசோகை, ரத்த அழுத்தம், பரம்பரை இவற்றுக்கேற்பத் தனித்தனி வழியில் வளர்கின்றன. கடைசி மூன்று மாதத்தில் அதே ஸ்கேனின் பிழை மூன்று வாரம் வரை போகும். அப்போது ஸ்கேன் வயதை அளப்பதில்லை, உருவத்தை அளக்கிறது. 'இந்த உருவத்துக் குழந்தை சராசரியாக இத்தனை வாரத்தில் இருக்கும்' என்பதுதான் அந்தக் காகிதத்தில் உள்ள தேதியின் பொருள்.

என் சித்தி மகளுக்கு 12ஆம் வாரத்தில் எடுத்த ஸ்கேன் மே 9 என்றது. இரண்டு நாள் வித்தியாசம். நினைவும் கருவியும் ஒத்துப்போயின, மே 7 நிலைத்தது. எட்டாம் மாதக் கடைசியில் தாய்வீட்டுக்குப் போனவளை அங்கே நகரத்தில் ஒரு தனியார் ஸ்கேன் மையத்துக்கு அழைத்துப் போனார்கள். 34 வாரம் முடிந்திருந்தது. ரிப்போர்ட் 32 வாரம் 2 நாள் என்றது. பிரசவ தேதி மே 19. "நாள் கணக்குத் தப்பு, இன்னும் டைம் இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

அவள் போனில் சொன்னபோது செவிலியருக்கு நிம்மதி இல்லை. தேதி தவறவில்லை என்றால் குழந்தை பன்னிரண்டு நாள் சிறுத்திருக்கிறது என்றுதானே பொருள்? பழைய அட்டையோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அங்கே தொப்புள்கொடி ரத்த ஓட்டத்தைப் பார்த்து, வாரம் தவறாமல் வரச் சொன்னார்கள். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதலும் செவிலியரின் முடிவையே சொல்கிறது: முதலில் உறுதிசெய்த நாளைப் பின்னால் வரும் ஸ்கேனுக்காக மாற்றக்கூடாது, முன்பு ஸ்கேனே எடுக்காதவருக்கும் 28 வாரத்துக்குப் பிறகு வித்தியாசம் 21 நாளைத் தாண்டினால்தான் மாற்றம். பிந்திய காகிதம் புதிய காகிதம் என்பதாலேயே அதை நம்பும் பழக்கம் நம்மிடம் ஊறியிருக்கிறது. பிரசவ நாளில் மட்டும் பழைய காகிதத்துக்கே மதிப்பு.

அந்தப் பிந்திய ஸ்கேன்கள் எந்தக் குழந்தைகளை வைத்துக் கணக்கிடுகின்றன என்பதையும் கேட்க வேண்டும். இந்தியா எங்கும் புழங்கும் ஹாட்லாக் சூத்திரம் 1984இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் 361 கர்ப்பிணிகளை அளந்து உருவானது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஹிமான்ஷு சின்ஹா குழுவினரும் ஃபரிதாபாத்தில் உள்ள டி.எச்.எஸ்.டி.ஐ. நிறுவனத்தின் ஷிஞ்சினி பட்நாகர் குழுவினரும் இந்தியப் பெண்களின் அளவிலிருந்தே ஒரு சூத்திரம் வகுக்க முனைந்தார்கள். 2015இல் தொடங்கிய கர்ப்-இனி ஆய்வில் குருகிராம் அரசு மருத்துவமனைக்கு வந்த கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்தார்கள், வேலூர் சி.எம்.சி.யும் புதுச்சேரி பிம்ஸும் இம்முயற்சியில் சேர்ந்தன. முதல் மூன்று மாதத்துக்கான கணக்குகளை ஒப்பிட்டபோது தெரிந்தது மலைக்க வைக்கிறது: அதே பெண்கள், அதே குழந்தைகள், எந்த முறையில் நாள் குறித்தோம் என்பதைப் பொறுத்துக் குறைப்பிரசவ விகிதம் 11.27 முதல் 16.5 சதவீதம் வரை மாறியது. இரண்டாம், மூன்றாம் பருவங்களுக்கான கர்பினி-ஜிஏ2 என்ற சூத்திரம் 2024இல் வெளிவந்தது. ஹாட்லாக்கை ஒப்பிட இதன் பிழை ஏறத்தாழ மூன்று மடங்கு குறைவு என்கிறார்கள். திருப்புலிவனத்துப் பெண்ணின் வயிற்றை ஹூஸ்டன் பெண்ணின் அளவுகோலால் அளக்கும் நிலை மாற வேண்டும். ஆனால் எந்தச் சூத்திரமும் தாமதமாக வந்தவளுக்கு முதல் மூன்று மாதத்தைத் திருப்பித் தராது.

நாளுக்காக இவ்வளவு மெனக்கெடுவது குழந்தை அந்த நாளில் பிறக்கும் என்பதற்காக அல்ல. குறித்த நாளிலேயே பிறப்பவை நூற்றுக்கு நான்கைந்து. பாஸ்டனில் மிட்டன்டார்ஃப் குழுவினர் 1990இல் வெளியிட்ட ஆய்வில் தலைப்பிரசவங்கள் சராசரியாக 288 நாள் எடுத்தன. முட்டை வெளிப்பட்ட நாளையே ஹார்மோன் வழி அறிந்துவைத்த 2013ஆம் ஆண்டு ஆய்விலும், குறைப்பிரசவங்களை நீக்கிய பிறகும், பெண்ணுக்குப் பெண் 37 நாள் வரை வேறுபாடு இருந்தது. குறித்த நாள் ஒரு மைல்கல். 34 வாரத்துக்குள் வலி வந்தால் குழந்தையின் நுரையீரல் முதிரத் தாய்க்கு ஊசி போட வேண்டுமா, 37 வாரம் நிறைந்ததா, 41 தாண்டிவிட்டதால் வலி வரவழைக்க வேண்டுமா என்பதெல்லாம் அதிலிருந்துதான் அளக்கப்படுகின்றன. ராசி நட்சத்திரம் பார்த்துச் சிசேரியனுக்கு நாள் கேட்கும் குடும்பங்கள் பெருகிவிட்டன. 38 வாரம் என்று நம்பி எடுத்த குழந்தை உண்மையில் 35 வாரத்தது என்றால், மூச்சுக்குத் திணறுவது அந்தக் குழந்தை.

தமிழ்நாட்டில் பிரசவங்கள் ஏறக்குறைய முழுமையாக மருத்துவமனைகளில் நடக்கின்றன. ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு 99.6 சதவீதம் என்கிறது. கர்ப்பத்தைப் பதிந்ததும் தரப்படும் பிக்மி நம்பர் இல்லாத கர்ப்பிணியைக் காண்பது அரிது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு 12 வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்ற நிபந்தனை, பணத்துக்காகச் சொல்லப்பட்டாலும், நாள் குறிப்பதற்கு மிகச் சரியான நேரத்தில் பெண்ணைச் செவிலியர் முன் கொண்டுவந்து நிறுத்துகிறது. அந்தப் பத்து நிமிடத்தைப் படிவம் நிரப்புவதில் மட்டும் செலவழித்துவிடக்கூடாது என்பதே என் ஆதங்கம். ஒரு செவிலியருக்குப் பல ஊர்கள், பல பதிவேடுகள், கைப்பேசியில் ஏற்ற வேண்டிய விவரங்கள். 'மொதல் நாளு எது?' என்ற இரண்டாவது கேள்விக்கு நேரம் இருக்கிற மாதிரி அவருடைய வேலையை அமைத்துத் தருவது அரசின் பொறுப்பு.

ஏப்ரல் கடைசியில் ஒருமுறை வலி வந்து, சோம்புத் தண்ணீர் குடித்ததும் அடங்கியது, சூட்டு வலி. மே முதல் தேதி விடியற்காலையில் வந்தது அடங்கவில்லை. 39 வாரம் 1 நாள். பெண் குழந்தை, 2 கிலோ 400 கிராம், சித்திரை 18. பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தை மருத்துவர் தயாராக இருந்தார். சிறுத்த குழந்தை என்பது முன்பே தெரிந்திருந்ததால் உடல்சூடு குறையாமல் தாயின் மார்போடு அணைத்துவைத்தார்கள்.

அட்டையை வாங்கிப் பார்த்தேன். நடுவில் மடித்து மடித்து நைந்திருந்தது. உத்தேச பிரசவ தேதி என்ற கட்டத்தில் மே 7 அடித்தல் திருத்தம் இல்லாமல் அப்படியே இருக்கிறது. அதற்கு மேலே, கடைசி மாதவிடாய் என்ற கட்டத்தில் ஜூலை 31. பக்கத்தில் சின்ன எழுத்தில், யாருக்காக எழுதினாரோ, 'ஆடிக் கிருத்திகை + 2'.